உணர்ச்சியோடு பேசுவதைச் சொல்லும் ஆங்கில வினைகள்: மட்டர், கிரம்பிள், வைன், ப்ளீட்... எது எங்கே பொருந்தும்?

கயல்வரி:
நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கதை முழுக்க உரையாடல். எழுதியவர் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி வினை போட்டிருக்கிறார். ஒரே பக்கத்தில் ‘மம்பிள்’, ‘மட்டர்’, ‘மர்மர்’, ‘கிரம்பிள்’ நான்கும் வருகின்றன. என் கையில் இருக்கும் அகராதியில் நான்குக்கும் ‘முணுமுணு’தான். அடுத்த பக்கத்தில் ‘மோன்’, ‘வைன்’, ‘கம்ப்ளெய்ன்’. மூன்றுக்கும் ‘புலம்பு’, ‘குறை சொல்’.

இந்த வினைகளைப் படிக்கும்போது என் மனதில் வேறு வேறு ஆட்கள் தெரிகிறார்கள். தமிழில் எழுதியதும் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அந்த வேறுபாடு எதில் இருக்கிறது? குரலிலா, பேசுகிறவரின் உணர்ச்சியிலா, அவரைப் பற்றிக் கதைசொல்லி நினைப்பதிலா? இது பிடிபட்டால் மொழிபெயர்ப்பைத் தொடர முடியும். தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள்.

ஆதன்மொழி:
மூன்று ‘ம’வையும் முதலில் பிரித்துவிடலாம் கயல்.

‘மம்பிள்’ உச்சரிப்பைப் பற்றிய சொல். உதடு சரியாகத் திறக்கவில்லை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கேட்பவருக்குத் தெளிவாக விழவில்லை. காரணம் வெட்கமா, தூக்கக் கலக்கமா, பயமா என்று அந்த வினை சொல்வதில்லை. ‘மட்டர்’ அப்படியில்லை. அதில் மனத்தாங்கல் இருக்கிறது. நேரே சொல்ல முடியாத ஒன்றைத் தனக்குள் சொல்லிக்கொள்வது. பல சமயம், எதிரில் இருப்பவர் காதில் பாதியாவது விழட்டும் என்ற எண்ணமும் உண்டு. ‘மர்மர்’ மென்மையானது. காதலர் பேச்சு, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசும் பேச்சு, ஓடை நீரின் சலசலப்பு எல்லாவற்றுக்கும் அது வரும். இதயத் துடிப்புகளுக்கு நடுவே கேட்கும் கூடுதல் ஒலிக்கும் மருத்துவர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கூட வரும் பெயர்ச்சொல்லைக் கவனியுங்கள். நன்றியை மம்பிள் செய்வார்கள், சாபத்தை மட்டர் செய்வார்கள், சம்மதத்தை மர்மர் செய்வார்கள். இடம் மாற்றிப் போட்டால் ஆளே மாறிவிடுவார். ஒருவர் நன்றியை மட்டர் செய்தார் என்றால் அது மனமில்லாமல் வந்த நன்றி.

தமிழில் மட்டருக்கு மட்டும் ‘முணுமுணு’வை வைத்துக்கொள்ளுங்கள். மம்பிளுக்கு ‘வாய்க்குள்ளேயே சொன்னான்’. மர்மருக்கு ‘மெல்லிய குரலில் சொன்னாள்’. ‘மென்று விழுங்கினான்’ என்று போடத் தோன்றும், ஆனால் அதில் எதையோ மறைக்கிறான் என்ற பொருள் ஏறிவிடும். மம்பிளில் அது கிடையாது.

மின்மினி27:
மர்மர் எப்போதும் மென்மைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘வித்தவுட் எ மர்மர்’ என்றால் எதிர்ப்பே காட்டாமல் என்று அர்த்தம். அப்படியானால் மர்மரில் எதிர்ப்பு இருக்கிறது அல்லவா?

ஓய்வாசிரியர்:
மின்மினி சொல்வது சரி. அது அந்தச் சொல்லின் பழைய பொருள். 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில், வனாந்தரத்தில் மக்கள் மோசேக்கு எதிராகக் குறை சொல்லும் இடத்தில் ‘மர்மர்’தான் வருகிறது. இன்றைய வினையில் அந்தப் பொருள் மங்கிவிட்டது, தொடரில் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

கயலுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தமிழ் விவிலியம் அதே இடத்தில் ‘முறுமுறுத்தார்கள்’ என்கிறது. உங்கள் ‘கிரம்பிள்’ என்ற வினைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கிரம்பிள் என்றால் அடித்தொண்டையில், விட்டு விட்டு, நீண்ட நேரம் ஓடும் அதிருப்தி. இடி தூரத்தில் உருளுவதற்கும் வயிறு இரைவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். முணுமுணுவில் உதட்டின் சத்தம் இருக்கிறது, முறுமுறுவில் தொண்டையின் சத்தம் இருக்கிறது. ‘ணு’வை ‘று’ ஆக்கினால் போதும், ஆள் மாறிவிடுகிறார். வழக்கில் குறைந்துபோன சொல் என்று தயங்க வேண்டாம். படிக்கிறவருக்கு உடனே புரியும்.

கயல்வரி:
முறுமுறு! கையருகிலேயே இருந்திருக்கிறது. மிக்க நன்றி ஐயா. ‘விஸ்பர்’ எந்தப் பக்கம் சேரும்? அதுவும் மர்மரும் ஒன்றா?

சொல்தேடி:
ஒன்றில்லை. தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். மெல்லப் பேசினாலும் குரல்வளை அதிரும், அது மர்மர். விஸ்பரில் அதிர்வே இருக்காது, மூச்சுக் காற்று மட்டும்தான். அதனால் விஸ்பர் உணர்ச்சியைச் சொல்லும் வினை கிடையாது, பேசும் விதத்தைச் சொல்லும் வினை. ரகசியம், பயம், நெருக்கம், மரியாதை எதற்கும் பொருந்தும். ‘கிசுகிசு’வை அதற்குப் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள், தமிழில் அது வம்புப் பேச்சாகிவிட்டது. ‘காதோடு சொன்னாள்’, ‘ரகசியக் குரலில் கேட்டான்’ போன்றவை பாதுகாப்பானவை.

அதே மூச்சுக் குரலில் கோபம் சேர்ந்தால் ‘ஹிஸ்’. பாம்பு சீறும் சத்தம். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், கத்த முடியாது, ஆனால் ஆத்திரத்தை அடக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது.

மின்மினி27:
ஹிஸ் பற்றி ஒரு சந்தேகம். ‘ஸ’ ஒலியே இல்லாத வாக்கியத்தை எப்படி ஹிஸ் செய்வது? ‘கெட் அவுட்’ என்று ஒருவர் ஹிஸ் செய்ததாகப் படிக்கும்போது எனக்கு இடிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே இதை எதிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்தேடி:
அந்த எதிர்ப்பு பழையது. நான் அந்தக் கட்சியில் இல்லை. ‘உறுமினான்’ என்று எழுதும்போது வாக்கியத்தில் ‘ர்’ இருக்கிறதா என்று நாம் எண்ணுவதில்லை. முழு மூச்சும் பல்லிடுக்கில் வருகிறது என்பதுதான் படம். படிப்பவர் கோபத்தைத்தான் கேட்கிறார், எழுத்தை எண்ணுவதில்லை.

மின்மினி27:
உறுமலை ஏற்கிறேன், ஹிஸ்ஸை ஏற்க இன்னும் மனம் வரவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம். வைன், மோன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஓய்வாசிரியர்:
அதற்குத்தான் வருகிறேன். கயல் முதலில் கேட்டாரே, கதைசொல்லி நினைப்பதிலா என்று. அந்தக் கேள்விக்கு விடை இந்தக் குடும்பத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

‘கம்ப்ளெய்ன்’ நடுநிலையான சொல். ஒருவர் தன்னைப் பற்றியே தைரியமாகச் சொல்லலாம்: நான் புகார் செய்ய வேண்டும். நியாயமான புகாரும் அதுதான், அநியாயமான புகாரும் அதுதான். உடன் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். ‘அபவுட்’ வந்தால் குறை, ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் உடல் உபாதை. மருத்துவக் குறிப்பில் நோயாளி தலைவலியைக் ‘கம்ப்ளெய்ன்’ செய்தார் என்று இருந்தால் அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

‘மோன்’ வலியில் வரும் நீண்ட, தாழ்ந்த முனகல். பிரிட்டனில் அது குறைப்பட்டுக்கொள்வதற்கான அன்றாடச் சொல்லாகவும் இருக்கிறது. அந்த முனகலின் சோர்வு அதில் ஒட்டியிருக்கும். ‘க்ரோன்’ அதைவிடக் கனமானது, சட்டென்று முடிவது. பாரம் தூக்கும்போதும் வரும், கேட்டுக் கேட்டுப் புளித்த வேடிக்கைப் பேச்சுக்கும் வரும்.

இனி ‘வைன்’. மதுவின் பெயர் இல்லை, எழுத்து வேறு. பழைய ஆங்கிலத்தில் இது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அம்பின் ஓசை. மெல்லியது, உயர்ந்தது, இழுபட்டது, காதைக் குடைவது. நாய்க்குட்டி கதவருகே நின்று எழுப்பும் ஓசைக்கும் இதுதான். அதை ஒரு மனிதரின் பேச்சுக்குப் போட்டால் அவர் சொல்வது அற்பம், அவர் குழந்தைத்தனமானவர், கேட்பவருக்கு எரிச்சல் என்று கதைசொல்லி தீர்ப்பே எழுதிவிடுகிறார். அதனால்தான் யாரும் ‘நான் வைன் செய்கிறேன்’ என்று சாதாரணமாகச் சொல்வதில்லை, ‘நான் வைன் செய்யவில்லை’ என்றுதான் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தைச் சொன்ன ஒரே ஆளைப் பற்றி அவரது நண்பர் ‘கம்ப்ளெய்ன் செய்தார்’ என்பார், அவரைப் பிடிக்காதவர் ‘வைன் செய்தார்’ என்பார்.

வேர்ச்சொல்:
தீர்ப்பு சொல்லிலேயே இருக்கிறது என்பதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை ஐயா. நாய்க்குட்டி வைன் செய்தது என்று எழுதினால் யாருக்கும் அதன்மேல் வெறுப்பு வராது. இயந்திரம் வைன் செய்கிறது என்றாலும் அப்படித்தான். அப்படியிருக்க, தீர்ப்பு சூழலிலிருந்துதானே வருகிறது?

ஓய்வாசிரியர்:
நல்ல கேள்வி. விலங்குக்கும் இயந்திரத்துக்கும் வரும்போது அது வெறும் ஓசைப் பெயர். வளர்ந்த மனிதர் பேசும் சொற்களுக்கு வரும்போதுதான் தீர்ப்பு. சொல்லத் தெரிந்த ஒருவர், சொல்லத் தெரியாத குட்டியின் ஓசையை எழுப்புகிறார் என்ற இழிவு அந்த இடமாற்றத்திலேயே வந்துவிடுகிறது. சூழல் எதுவும் தராமல் ‘வளர்ந்த ஒருவர் வைன் செய்தார்’ என்ற ஒரு வரியை மட்டும் ஆங்கிலம் அறிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முகம் சுளிப்பார்.

ஆதன்மொழி:
இதற்கு மெய்யியலில் ஒரு சோதனையே உண்டு. ஜே. எல். ஆஸ்டின் சில வினைகளைக் காட்டினார். அவற்றைச் சொல்வதே அந்தச் செயலைச் செய்வதாகும். ‘இதன்மூலம் உறுதியளிக்கிறேன்’ என்றால் உறுதி அளித்தாயிற்று. ‘மன்னிப்புக் கேட்கிறேன்’ என்றால் கேட்டாயிற்று. இப்போது ‘இதன்மூலம் பீற்றிக்கொள்கிறேன்’, ‘இதன்மூலம் நச்சரிக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். முடியாது. ஜீனோ வெண்ட்லர் 1976இல் இத்தகைய வினைகளைப் பற்றி எழுதியபோது அந்தச் செயல் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது என்ற பொருளில் பெயர் வைத்தார். செய்கிறேன் என்று சொன்ன கணத்தில் பேச்சு செத்துவிடும்.

ஆங்கிலத்தில் ‘போஸ்ட்’, ‘பிராக்’ (இரண்டும் பீற்றிக்கொள்வது), ‘க்ளோட்’ (அடுத்தவர் தோல்வியில் மகிழ்ந்து பேசுவது), ‘நேக்’ (நச்சரிப்பது), ‘வைன்’ எல்லாவற்றையும் இந்தச் சோதனையில் வைத்துப் பார்க்கலாம். தன் வாயால் சொல்ல முடியாத வினை என்றால், அதில் அடுத்தவர் தீர்ப்பு கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

சொல்தேடி:
‘நேக்’ என்று எழுதியதைப் பார்த்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தீர்ப்பு இருக்கும் இடத்தில் யார்மேல் தீர்ப்பு என்றும் பார்க்க வேண்டும். ‘நேக்’, ‘ஸ்கோல்ட்’, ‘ஷ்ரீக்’ மூன்றும் பெண்களின் பேச்சுக்கே அதிகம் ஒட்டப்பட்டவை. இது மனப்பதிவோடு நிற்கவில்லை, சட்டத்திலேயே இருந்தது. ஓயாமல் சண்டை பிடித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் பெண்ணைக் ‘காமன் ஸ்கோல்ட்’ என்று குற்றவாளியாக்க ஆங்கிலப் பொதுச் சட்டம் இடம் கொடுத்தது. 1829இல் வாஷிங்டனில் ஆன் ராயல் என்ற எழுத்தாளருக்கு அந்தக் குற்றச்சாட்டில் பத்து டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் குற்றம் ஒழிந்தது.

‘நேக்’ என்ற வினையின் ஸ்காண்டிநேவிய வேருக்குக் கொறிப்பது என்று பொருள். கேட்ட ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டு அரிப்பது. ஆனால் ஒரே வேலையை ஒரு மேலாளர் தினமும் கேட்டால் அது நினைவூட்டல், மனைவி தினமும் கேட்டால் நேக். கயல், உங்கள் கதையில் இந்தச் சொல் வந்தால் ‘நச்சரித்தாள்’ என்று எழுதும் முன்னே அது யாருடைய பார்வை என்று பாருங்கள். கணவனின் பார்வையில் ஓடும் கதையென்றால் நச்சரிப்பு சரி. பொதுக் கதைசொல்லி என்றால் அந்தத் தீர்ப்பை நீங்களும் சேர்ந்து சுமக்கிறீர்கள்.

கயல்வரி:
சொல்தேடி, இது எனக்கு மிகவும் உதவும். கதையில் ‘நேக்’ இருக்கிறது, கணவன் சொல்வதாகத்தான் வருகிறது. அப்படியே வைக்கிறேன்.

அடுத்தது கோபம். ‘ஷவுட்’, ‘யெல்’, ‘ஸ்க்ரீம்’, ‘ஷ்ரீக்’, ‘ஸ்நாப்’, ‘பார்க்’, ‘ஸ்நார்ல்’. எல்லாவற்றையும் ‘கத்தினான்’ என்று எழுதி ஓய்ந்துவிட்டேன்.

வேர்ச்சொல்:
ஷவுட்டில் உரத்த குரல் மட்டும்தான் உறுதி. மகிழ்ச்சியிலும் ஷவுட் செய்யலாம். கோபம் எங்கே வருகிறது என்றால் பின்னால் வரும் சிறு சொல்லில். ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பது. ‘ஷவுட் அட்’ என்றால் அவர்மேல் பாய்வது. இந்த ‘அட்’ ஒரு குறி வைக்கும் சொல். யெல், ஸ்க்ரீம், ஸ்நாப், பார்க், ஸ்நார்ல் எதன் பின்னாலும் ‘அட்’ வந்தால் எதிரில் இருப்பவர் இலக்காகிவிட்டார். தமிழில் இதை வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்கின்றன: ‘அவனைக் கூப்பிட்டுக் கத்தினாள்’, ‘அவன்மேல் கத்தினாள்’.

யெல் என்றால் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த கத்தல். ஸ்க்ரீம் இன்னும் மேலே போகும், சொற்களே தெளிவாக இருக்காது, பயமும் வலியும் முன்னே நிற்கும், ‘அலறு’ சரியாகப் பொருந்தும். ஷ்ரீக் கூர்மையானது, குறுகியது, ‘வீறிடு’. ஆனால் சிரிப்பிலும் ஷ்ரீக் வரும், அங்கே வீறிடு நிற்காது.

‘ஸ்நாப்’ உரக்க இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் சாரம் குறுகிய வாக்கியம், திடீர் எரிச்சல். ‘வெடுக்கென்று சொன்னாள்’, ‘எரிந்து விழுந்தான்’. பேசியவர் அதற்கு முன்பு பொறுமையாக இருந்திருக்கிறார் என்ற குறிப்பும் அதில் உண்டு. ‘பார்க்’, நாய் குரைப்பதன் பெயர், மனிதருக்கு வந்தால் கட்டளை. கோபமே இல்லாமலும் ஒரு படை அதிகாரி பார்க் செய்வார். ‘அதட்டினார்’ என்றால் போதும். ‘குரைத்தார்’ என்று எழுதிவிடாதீர்கள், தமிழில் அது வசை. ஸ்நார்ல் பல்லைக் காட்டிச் சீறுவது. க்ரௌல் அடிக்குரலில் உறுமுவது, இன்னும் பாயவில்லை, ஆனால் பாயலாம்.

மின்மினி27:
இந்த ஒலிகளை யாராவது கவனித்தீர்களா? க்ரௌல், கிரம்பிள், க்ரோன், குறைப்பட்டுக்கொள்வதைச் சொல்லும் க்ரைப், க்ரவுஸ் எல்லாம் ‘க்ர’. ஸ்நாப், ஸ்நார்ல், ஸ்நீர், ஸ்நார்ட், ஸ்நிவல் எல்லாம் ‘ஸ்ந’. தற்செயலாக இருக்க முடியாது.

ஆதன்மொழி:
தற்செயல் இல்லை. இத்தகைய ஒலிக்கொத்துகளுக்கு மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் கொடுத்தார். ‘ஸ்ந’வில் மூக்கு இருக்கிறது. ஏளனமாக மூக்கைச் சுழிப்பது ஸ்நீர், மூக்கால் உறிஞ்சி அழுவது ஸ்நிவல், மூச்சைச் சீறவிடுவது ஸ்நார்ட். ஆனால் இதைச் சட்டமாக்க முடியாது. ஸ்நோ பனிதான், க்ராஸ் புல்தான். உணர்ச்சி வினைகளில் மட்டும் ஒன்றையொன்று இழுத்துக் கூட்டம் சேர்ந்திருக்கின்றன.

நமக்கு அந்த வேலையை இரட்டைக்கிளவி செய்கிறது. சிடுசிடு, கடுகடு, தொணதொண, முணுமுணு. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியர் காலத்திலேயே விதி சொல்லியாயிற்று. ஆங்கிலத்தில் ஒற்றை வினை செய்வதைத் தமிழில் ஓர் இரட்டைக்கிளவியும் ‘என்று’வும் சேர்ந்து செய்யும்.

கயல்வரி:
‘பெக்’, ‘ப்ளீட்’, ‘இம்ப்ளோர்’ மூன்றும் கெஞ்சலா?

ஓய்வாசிரியர்:
மூன்றிலும் கெஞ்சல் உண்டு, ஆனால் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதில் வேறுபாடு. பெக் செய்கிறவர் தாழ்ந்து நிற்கிறார், பிச்சை எடுப்பதற்கும் அதே வினை. இம்ப்ளோர் தீவிரம் மிகுந்தது, கொஞ்சம் ஏட்டுத்தன்மை உள்ளது, ‘இறைஞ்சு’ பொருந்தும். ப்ளீட் செய்கிறவர் தாழ்ந்து நின்றாலும் காரணம் சொல்கிறார். அது நீதிமன்றத்திலிருந்து வந்த சொல், இன்றும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அங்கே அதுதான். அதனால்தான் ‘ப்ளீட் வித்’ என்று ஒருவரோடு வாதாடுவதுபோல் வருகிறது, ‘பெக்’ நேரே ஆளை எடுத்துக்கொள்கிறது.

ப்ளீடுக்கு ‘மன்றாடு’ போடுங்கள். மன்று என்பது வழக்குப் பேசும் அவை. இரண்டு மொழியும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒன்றை வேண்டிக் கேட்கிறவரின் நிலையைச் சொல்லிலேயே வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. ஈ என்பது தாழ்ந்தவர் கேட்பது, தா என்பது ஒத்தவர் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவர் கேட்பது என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. ஆங்கிலம் பேச்சை எடுத்துச் சொல்லும் வினையில் வைத்ததைப் பழந்தமிழ் கேட்கும் வினையிலேயே வைத்தது.

வேர்ச்சொல்:
அழுகை வினைகளையும் சுருக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். ‘சாப்’ என்றால் மூச்சு தடைபட்டு வருவது, விம்மு அல்லது தேம்பு. ‘விம்பர்’ பலமில்லாத, பயந்த, தாழ்ந்த ஓசை, ‘ஈனக் குரலில் முனகினான்’. ‘வெய்ல்’ நீண்ட ஓலம். ‘வீப்’ கண்ணீர்தான் முக்கியம், சத்தம் இல்லாமலும் நடக்கும். ‘ப்ளப்பர்’ இருந்தால் எச்சரிக்கை, வைன்போல அதிலும் ஏளனம் உண்டு. ‘க்ரை’தான் ஏமாற்றும். பேச்சோடு வந்தால் பல இடங்களில் அழுகையே இல்லை, உரக்கச் சொன்னான் என்று மட்டும் பொருள். பழைய கதைகளில் மிகுந்த மகிழ்ச்சியில் ஒருவர் ‘க்ரைடு’ என்று வரும். அங்கே ‘அழுதார்’ என்று எழுதினால் கதை கவிழ்ந்துவிடும்.

‘ரேவ்’ கூட அப்படித்தான். ‘ரேவ் அபவுட்’ புகழ்மாலை, ‘ரேவ் அட்’ வெறிகொண்ட வசை. ‘ரான்ட்’ நீண்ட கோபப் பேச்சு மட்டும். ‘கஷ்’ அளவுக்கு மீறிப் பொங்கிப் புகழ்வது, கதைசொல்லிக்கு அந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கை இல்லை.

மின்மினி27:
ஒரு வாக்கியத்தை எப்படி ‘சாப்’ செய்வது, ‘சை’ (பெருமூச்சு) செய்வது, ‘காஸ்ப்’ (மூச்சுத் திணறல்) செய்வது? பெருமூச்சு விடும்போது பேச முடியாதே. ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் பலர் இதையெல்லாம் தவிர்த்து வெறும் ‘செட்’ போடச் சொல்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது நாமும் ‘சொன்னான்’ என்று சமன் செய்துவிடலாமா?

சொல்தேடி:
கூடாது. எழுதியவர் வேண்டுமென்றே வைத்ததை நாம் சமன் செய்யக் கூடாது. தமிழில் அதற்குத் தேவையும் இல்லை. நம்முடைய ‘என்று’ எந்த வினையையும் ஏற்றுக்கொள்ளும். ‘என்று சிரித்தான்’, ‘என்று பெருமூச்சு விட்டாள்’, ‘என்று எழுந்தார்’, ‘என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்’. பேச்சு வினையே இல்லாமல் பேச்சை முடிக்கலாம். ஆங்கிலத்தில் இந்த வசதி குறைவு, அதனால்தான் குரல், உணர்ச்சி, தீர்ப்பு எல்லாவற்றையும் ஒரே வினைக்குள் அடைக்கிறார்கள்.

நம்மிடம் அதே மூன்றையும் பிரித்து வைக்க இடம் இருக்கிறது. குரலுக்கு ஒரு அடை, உணர்ச்சிக்கு ஒரு உடல் அசைவு, தீர்ப்புக்கு வினை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடுவதை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். எல்லா வரியிலும் மூன்றையும் போட்டால் உரையாடலின் ஓட்டம் நின்றுவிடும். கதைக்கு அந்த இடத்தில் எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கயல்வரி:
உங்கள் எல்லாருடைய பதில்களையும் வைத்துக்கொண்டு ஒரு பகுதியைத் திரும்ப எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள். வரிசையாகக் கிரம்பிள், ஸ்நாப், மம்பிள், மட்டர்.

“எல்லாம் என் தலையில்தான் விழும்” என்று அவன் முறுமுறுத்தான்.
“என்ன சொன்னீங்க?” என்றாள் வெடுக்கென்று.
“ஒண்ணுமில்ல” என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான். அவள் உள்ளே போனதும், “வாயைத் திறந்தாலே குற்றம்” என்று முணுமுணுத்தான்.

இதுவரை திருப்தி. அடுத்த இரண்டு இடங்களிலும் ‘வைன்’. முதலில் சிறுவன், அங்கே ‘என்று சிணுங்கினான்’ சரியாக உட்கார்ந்தது. இரண்டாவது, கிழவர். “என்னை யார் நினைக்கிறாங்க” என்று அவர் வைன் செய்கிறார். ‘சிணுங்கினார்’ கிழவருக்குப் பொருந்தவில்லை. ‘புலம்பினார்’ என்றால் இரக்கம் வந்துவிடுகிறது. கதைசொல்லிக்கு அவர்மேல் இரக்கமே கிடையாது.

ஓய்வாசிரியர்:
‘மூக்கால் அழுதார்’. வைன் சொல்லும் மூக்கொலியும் இருக்கிறது, இளக்காரமும் இருக்கிறது.

ஆதன்மொழி:
அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் அது மனமில்லாமல் ஒன்றைக் கொடுக்கும் இடத்தில்தானே அதிகம் வரும்? ‘மூக்கால் அழுதுகொண்டே கொடுத்தான்’ என்போம். யாரும் நினைக்கவில்லை என்ற குறைக்கு அது பொருந்துமா?

ஓய்வாசிரியர்:
வேலையை எரிச்சலோடு செய்கிறவரையும் அப்படிச் சொல்வோம். ஆனாலும் உங்கள் தயக்கம் நியாயம்தான். கயல், கிழவர் அந்தக் கதையில் எதையாவது கொடுக்கவோ செய்யவோ மறுக்கிறாரா?

கயல்வரி:
ஆமாம் ஐயா. அடுத்த வரியிலேயே வீட்டுச் சாவியைத் தரமாட்டேன் என்று கையை மூடிக்கொள்கிறார்.

ஓய்வாசிரியர்:
அப்படியானால் தயங்க வேண்டாம், அதையே போடுங்கள்.

ஆதன்மொழி:
சாவி இருந்தால் எனக்கும் சம்மதம்.